வீட்டு நாய் செத்துப்போன பிறகு: தோட்டத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஜிம்மி செத்த அன்று அப்பா காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். பதின்மூன்று வருஷம் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) படுத்துக் கிடந்த நாய் அது. ஆனாலும் நாய் செத்ததற்கு வேலைக்கு வரவில்லை என்று சொன்னால் எங்கள் வரிசை வீட்டு லயமே சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும். "நாய்க்கெல்லாமா எழவு?" என்று கேட்க நாலு பேர் எப்போதும் இருப்பார்கள்.

இது அந்தக் கேள்வி முதல் தடவையாகக் காதில் விழப்போகிறவர்களுக்கு எழுதியது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இதுவரை மூன்று நாய்களை இழந்த வீடு எங்களுடையது. மணியைப் பிழையாகப் புதைத்தோம். டைகரைப் புதைக்கவே கிடைக்கவில்லை. ஜிம்மியின் காரியத்தைத்தான் ஓரளவு ஒழுங்காகச் செய்தோம். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில் கற்றது.

முதலில், எப்படிச் செத்தது என்று பாருங்கள்

அழுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். கடைசி நாட்களில் நாயின் குணம் மாறியிருந்ததா? காரணமில்லாமல் கடித்ததா, எச்சில் ஒழுகியதா, தாடை தொங்கியதா, விழுங்க முடியாமல் திணறியதா, குரல் மாறியதா? இதில் ஒன்றிருந்தாலும் விசர் நோயை (ரேபிஸ்) சந்தேகிக்க வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், அவசரப்பட்டுப் புதைக்கவும் வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ (பீ.எச்.ஐ.) அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். மூளையைச் சோதித்துத்தான் நோயை உறுதிப்படுத்த முடியும். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைச் செய்கிறார்கள். தலையை எடுப்பது, அனுப்புவது எல்லாம் அவர்கள் வழிகாட்டலில் நடக்கட்டும். நாய் கடித்திருந்தால், பிறாண்டியிருந்தால், அதன் எச்சில் உங்கள் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால், அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். தோலில் பட்ட இடமென்றால் சவர்க்காரமும் போடுங்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசிக்குக் காசு வாங்க மாட்டார்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இழுக்கிற விஷயமில்லை இது.

வயதாகியோ, தெரிந்த நோயாலோ, வண்டியில் அடிபட்டோ செத்திருந்தால் நிதானமாக மேலே போகலாம்.

உயிர் போய்விட்டதா என்று தெரியவில்லை என்றால் இடது முன்னங்காலின் முழங்கை மடங்கும் இடத்துக்குப் பின்னால், விலாவில் உள்ளங்கையை வைத்து இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். உயிர் போன பிறகும் ஒரு தடவை மூச்சு இழுத்தது போலவோ தசை துடித்தது போலவோ இருக்கலாம். ஜிம்மி அப்படி இழுத்தபோது தங்கச்சி "உசிரு இருக்கு" என்று கத்திவிட்டாள். அது உயிரில்லை. கண்ணும் மூடாது; மூடிவிட முயன்று மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், நாய்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான்.

முதல் இரண்டு மணி நேரம்

உடம்பு சில மணி நேரத்தில் விறைத்துவிடும். அதற்குள், குளிருக்குச் சுருண்டு படுக்குமே, அந்த மாதிரி கால்களை மடித்து வையுங்கள். பார்க்க நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். குழியும் சின்னதாகப் போதும் என்பது இன்னொரு காரணம், அலவாங்கு பிடிக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். அடியில் பழைய துணியோ சாக்கோ போடுங்கள், சிறுநீர் கசியும். கட்டிலில் கிடத்த வேண்டாம். உடம்பு குளிரத் தொடங்கியதும் உண்ணியும் தெள்ளும் அதை விட்டு இறங்கி வேறு இடம் தேடும்.

நினைவுக்கு எடுக்க வேண்டியதை இப்போதே எடுங்கள்; குழி மூடிய பிறகு எடுக்க முடியாது. கழுத்துப் பக்கமிருந்து ஒரு கொத்து முடி. ஈரமாக இருந்தால் அடுப்படியில் ஒரு நாள் காயவைத்து மூடி இறுகிய போத்தலில் போடுங்கள். நம் பனிக்கு எதுவும் பூசணம் பிடிக்கும். போத்தலுக்குள் நாலு பச்சரிசி போட்டால் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பாத அச்சுக்கு இரண்டு வழி. இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் தூள் உப்பு, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கப் வரைக்கும் தண்ணீர்; பிசைந்து தட்டிப் பாதத்தை அழுத்தி எடுக்கலாம். அழகாக வரும். ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நன்றாகக் காய்ந்து வார்னிஷ் அடிக்காவிட்டால் அடுத்த மழைக்குக் கொழகொழத்துவிடும். எனக்குப் பிடித்தது மற்றது: பிள்ளையின் வாட்டர் கலரையோ முத்திரை மையையோ பாதத்தில் தடவி, தடித்த காகிதத்தில் நாலைந்து தடவை பதிப்பது. ஒன்று கோணலாக வந்தாலும் மற்றது இருக்கும்.

குழி

மணியை நாங்கள் பிள்ளைகளாகச் சேர்ந்து புதைத்தோம். உர பேக்கில் போட்டுக் கட்டி, பணிய (கீழ்ப்பக்க) லயத்துக்குக் கீழே ஒன்றரை அடி வெட்டி, மேலே பூவெல்லாம் வைத்தோம். மூன்றாம் இரவு காட்டுப்பன்றி கிளறிவிட்டது. காலையில் கொழுந்து பறிக்கப் போன அம்மாதான் முதலில் பார்த்தார். எங்களிடம் சொல்லவில்லை, திரும்பிப் போய் மம்பட்டி எடுத்து மூடியிருக்கிறார். பத்து வருஷம் கழித்துத்தான் சொன்னார். அதனால் இந்தப் பகுதியை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மூன்றடிக்குக் குறையக்கூடாது. பன்றி, நரி, ஊர் நாய் எல்லாவற்றுக்கும் மூக்கு இருக்கிறது. பிளாஸ்டிக் பேக்கும் பொலித்தீனும் வேண்டாம், உள்ளே மக்காமல் அப்படியே கிடக்கும். சாக்கு, பழைய பருத்திச் சேலை, கிழிந்த கம்பளி போதும். ஜிம்மிக்கு அம்மா தன் பழைய கம்பளியைத்தான் கொடுத்தார். மழைக்குப் பத்து வருஷம் அவர் தலையில் கிடந்த கம்பளி. அதன் மேல்தான் அது படுத்துத் தூங்கும். பாதி மண் தள்ளியதும் தட்டையான கற்களை ஒரு அட்டி பரப்புங்கள், அதற்கு மேல் மிச்ச மண், மேலே மறுபடி கல். சுண்ணாம்பு கொட்டினால் சீக்கிரம் மக்கும் என்பார்கள். உண்மையில் அது மக்குவதைத் தாமதப்படுத்தும். நாற்றத்துக்குப் பயமென்றால் ஆழமாக வெட்டுவதுதான் மருந்து.

இடம் தேடும்போது முதலில் தண்ணீரைப் பாருங்கள். லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலி எந்த ஊற்றிலிருந்து வருகிறதோ, அதற்கு மேற்பக்கம் வெட்டவே கூடாது. பக்கவாட்டிலும் நூறடியாவது தள்ளியிருக்கட்டும். கான் என்கிற வடிகாலுக்குள்ளும் அதன் கரையிலும் வேண்டாம், தென்மேற்கு மழை தொடங்கினால் அடித்துக்கொண்டு போகும். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டி விட்ட மண்மேட்டையும் தொடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு மண்மேட்டில் அலவாங்கு போடுவதைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பிறகு, யாருடைய நிலம்? இதுதான் நமக்கென்றே உள்ள கேள்வி. சொந்தமாக ஏழு பேர்ச் காணி கிடைத்த வீடென்றால் பிரச்சினையில்லை. லயத்தில் இருப்பவர்களுக்கு மரக்கறித் தோட்டம் போட்டிருக்கும் துண்டு நிலம்தான் பாதுகாப்பான இடம். தேயிலைக்குள் புதைப்பதானால் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அந்த மலைத் தேயிலையை வெட்டப்போகிறார்களா என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் மணி கிடந்த மலையைப் பிறகு மீள்நடுகைக்கு உழுதுவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இளந்தேயிலை நிற்கிறது. கோபப்படவும் முடியவில்லை; அப்பாவின் அம்மாவும் தேயிலைக்குள்தான் கிடக்கிறார், எந்த இடத்தில் என்று அப்பாவுக்கே தெரியாது. ஆனால் அந்தப் பாட்டி ஒரு துரையின் தொப்பியை அட்டைப்பூச்சி என்று தட்டிவிட்ட கதை நாலு தலைமுறைக்கும் தெரியும். கல்லை நம்பி மட்டும் இருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கீழே நினைவு எழுதிவைக்கும் கொப்பியைப் பற்றி நீளமாக எழுதியிருப்பதும் இதனால்தான்.

வைத்தியர் ஊசி போட்டுத் தூங்கவைத்த நாயென்றால் ஆழத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும். கிளறித் தின்னும் மிருகமும் சாகலாம்.

சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள்

பிள்ளைகளிடம் "தூங்குது", "டவுனுக்குப் போயிருக்கு" என்று சொல்ல வேண்டாம். தூங்குகிறது என்று கேட்ட பக்கத்துக் காம்பரா வீட்டுப் பையன் ஒரு வாரம் தூங்கப் பயந்தான். "செத்துப்போச்சு, இனி வராது, அதுக்கு இப்ப வலி இல்ல" என்று மூன்று வாக்கியம் போதும். விரும்பினால் குழியில் ஒரு பிடி மண் போடட்டும்.

தூரத்தில் இருப்பவர்கள்தான் கஷ்டம். தாய் குவைத்தில், அண்ணன் கொழும்பில் கடையில் என்று பாதி வீடு வெளியே இருக்கிற காலம். "அங்க தனியா கிடந்து அழுவா" என்று மறைப்பார்கள். மறைக்காதீர்கள். அடுத்த வீடியோ அழைப்பில் "ஜிம்மிய காட்டு" என்று கேட்பார்கள், அப்போது என்ன செய்வீர்கள்? என் அண்ணன் புறக்கோட்டையில் சரக்கு இறக்கிக்கொண்டே போனில் குழி மூடுவதைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. "கல்லு வச்சீங்களா" என்று மட்டும் கேட்டான்.

உடல் கிடைக்காதவர்களுக்கு

டைகர் ஒரு மார்கழி இரவில் குரைத்துக்கொண்டு ஓடியது, திரும்பவில்லை. விடிந்து தேடினால் சவுக்கு மரத்தடியில் கொஞ்சம் ரத்தமும் பெல்ட்டும். சிறுத்தை. பெயரில் புலி இருந்தும் பிரயோசனமில்லை என்று சித்தப்பா சொன்னார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, இப்போது சிரிக்கிறோம்.

இரண்டு நாள் தேடுங்கள். கானுக்குள், கல்லிடுக்கில், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பிகளிலும் பாருங்கள். சிக்கிய நாய் சில நேரம் உயிரோடு இருக்கும். இருட்டில் தனியாகப் போகாதீர்கள். கோபத்தில் இறைச்சியில் நஞ்சு வைக்கிற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம், அதோடு அந்த நஞ்சை முதலில் தின்பது அடுத்த லயத்து நாய்தான்.

தேடி முடிந்ததென்று ஒரு நாளை வீட்டில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தீர்மானிக்காவிட்டால் ஒவ்வொரு சத்தத்துக்கும் கதவைத் திறந்துகொண்டிருப்பீர்கள். பெல்ட்டோ சங்கிலியோ சாப்பிட்ட தட்டோ இருந்தால் அதைப் புதைத்துக் கல் வைக்கலாம். நாங்கள் பெல்ட்டைப் புதைக்கவில்லை, ஆணியில் மாட்டினோம். எது உங்களுக்குச் சரியாகப்படுகிறதோ அது.

கல்லும் செடியும்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, 7ஆம் நூற்றாண்டுக் கல். எருமைகளைக் காக்கப்போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். "நாய்க்கெல்லாமா?" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லலாம். எனக்கு அதில் பிடித்தது அளவு. ஒரு பெயர், ஒரு காரியம், அவ்வளவுதான்.

ஜிம்மி தினம் அம்மாவோடு மலைக்குப் போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் உட்காரும். கிலோ குறைத்துப் போட்டால் குரைக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். நிஜத்தில் அது தராசுக் கொக்கி ஆடும் சத்தத்துக்குத்தான் குரைத்தது, ஆனால் யார் விட்டார்கள்? ஆற்றுக் கல்லொன்றில் எனாமல் பெயின்டால் "ஜிம்மி. தராசைப் பார்த்துக் குரைத்தவன்" என்று எழுதினோம். பெயின்ட் இரண்டு மழைக்காலம் தாங்கும்; பிறகு மேலே அடித்துக்கொள்ளலாம். உளியால் கொத்தத் தெரிந்தவர் லயத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

செடி வைப்பதானால் உடலுக்கு மேல் இரண்டடி மண்ணாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் கருகும். செவ்வந்தி சீக்கிரம் பூக்கும். மரத்தக்காளி வைத்தால் காய் பறிக்கும்போதெல்லாம் பேச்சு வரும். நாங்கள் துரை பங்களாவில் இருந்து ஹைட்ரேஞ்சியாக் கொப்பு வாங்கி நட்டோம். அங்கே ரோஸ் நிறத்தில் பூத்தது, எங்களிடம் நீலமாகப் பூத்தது. தங்கச்சி ஏதோ அதிசயம் என்றாள். தேயிலை மண் அமில மண், அதில் அந்தப் பூ நீலமாகிவிடும். பங்களாவில் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

கொப்பி

ஒரு சீஆர் கொப்பி, அதாவது தடித்த நோட்டுப் புத்தகம், வாங்குங்கள். முதல் பதினாறு நாளுக்குள் எழுதத் தொடங்குங்கள், அதற்குப் பிறகு எல்லாரும் வேலைக்குள் போய்விடுவார்கள்.

முதல் பக்கத்தில் பெயர், யார் வைத்தது, எந்த லயத்து நாயின் குட்டி, யார் தூக்கி வந்தது. இது சின்ன விஷயமில்லை. எங்கள் லயத்திலேயே மூன்று ஜிம்மிகள் இருந்தன. இருபது வருஷம் கழித்து எந்த ஜிம்மி என்று கேட்டால் பதில் வேண்டும். திகதி நினைவில்லாவிட்டால் நடந்ததை வைத்துப் பிடியுங்கள்: 2020 கொரோனா ஊரடங்குக்கு முன்னாலா, 2022 எரிபொருள் வரிசைக்குப் பிறகா, சின்னவள் சடங்கான வருஷமா. அம்மாவுக்குத் திகதி தெரியாது. எந்த மலையில் கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுதல்) நடந்தபோது ஜிம்மி குட்டியாக இருந்தது என்று தெரியும். அது திகதியைவிட உறுதியான கணக்கு.

பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நல்ல நாய், பாசமான நாய் என்று எழுதினால் அது எந்த நாய்க்கும் பொருந்தும். எதற்குப் பயப்படும்? ரொட்டியின் கருகின ஓரத்தைத் தின்னுமா, தள்ளிவிடுமா? யாரைக் கண்டால் பிடிக்காது, ஏன்? எந்தப் படியில் படுக்கும்? யார் கூப்பிட்டால் வராது? கெட்ட காரியங்களையும் சேருங்கள். ஜிம்மி பிள்ளையார் கோயில் படையலை ஒரு தடவை தின்றிருக்கிறது. அதை எழுதக்கூடாது என்று அம்மா இன்னும் சண்டை. எழுதிவிட்டேன். கதைகள் ஒன்றுக்கொன்று முட்டினால் இரண்டையும் எழுதுங்கள். ஜிம்மியைத் தூக்கி வந்தது தான்தான் என்று அப்பாவும் அண்ணனும் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

தடுப்பூசி அட்டை இருந்தால் கொப்பியில் ஒட்டுங்கள். பெயர், நிறம், திகதி, முத்திரை எல்லாம் இருக்கும். நாய்க்கென்று அரசாங்கம் எழுதிக்கொடுத்த ஒரே காகிதம் அதுதான்.

படங்களுக்கு வாட்ஸப்பில் வந்ததை நம்பாதீர்கள், அனுப்பும்போது தரம் குறைந்துவிடும். எடுத்த போனிலிருந்தே மூலப்படத்தை வாங்குங்கள். நல்லதாக இரண்டை ஸ்டூடியோவில் கொடுத்துக் காகிதத்தில் எடுங்கள். போன் விழும், உடையும், அடகுக்கும் போகும். பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிப் படத்துக்கு ஏறும். சட்டம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடாதபடி ஓரத்தில் அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நம் குளிருக்கு ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், அடுப்புப் புகைக்கு நேரேயும் வேண்டாம்.

நாயின் படமே இல்லை, குரலும் இல்லை என்பவர்கள் மற்ற வீடுகளில் தேடுங்கள். சடங்கு வீட்டு வீடியோ, கோயில் திருவிழா, கிரிக்கெட் மெச், எதிர்வீட்டுப் பிறந்தநாள். டைகரின் குரைப்பு எங்களுக்கு ஒரு காமன்கூத்து வீடியோவில் கிடைத்தது. தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவில் ஏழெட்டு நொடி. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறோம்.

சடங்கு

நாய்க்கு இதைச் செய் என்று யாரும் வகுத்துவைக்கவில்லை. அதனால் பிழையென்று சொல்லவும் யாருக்கும் வழியில்லை. சிலர் மூன்றாம் நாள் பால் தெளிப்பார்கள். பைரவர் வாகனம் என்று விளக்கு வைப்பவர்களும் உண்டு. சாமிப் படத்தோடு நாய் படத்தை வைக்கலாமா என்று வீட்டில் தகராறு வந்தால், அது படுத்த இடத்துக்கு மேலே, இஸ்தோப்பிலேயே மாட்டிவிடுங்கள். நாங்கள் பதினாறாம் நாள் தேத்தண்ணி ஊற்றிக் கொப்பியை வாசித்தோம். சிரிக்கப்போகிறவர்கள் என்று நினைத்த நாலு பேரும் வந்தார்கள், அதில் ஒருவர் தன் நாயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

சாமான்களும் அடுத்த குட்டியும்

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் புதைப்பதற்கு முன் செத்த நாயை முகர விடுங்கள், தொற்றுநோய் இல்லையென்றால் மட்டும். சில நாள் தேடும், சாப்பாடு குறையும். நாலைந்து நாளாகியும் தின்னாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பார்வோ என்ற வைரஸ் நோயில் செத்த குட்டியென்றால் படுக்கையை எரித்துவிடுங்கள். தரையையும் தட்டையும் கழுவிக் காயவைத்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருஷம்கூடக் கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அந்த முற்றத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

மற்றபடி அடுத்த நாய் எப்போது என்பதற்குக் கணக்கில்லை. நீங்கள் அழுவதைப் பார்த்து மறுநாளே யாராவது ஒரு குட்டியைக் கொண்டுவந்து விடுவார்கள், தோட்டத்தில் குட்டிக்கா பஞ்சம். "இப்ப வேண்டாம், அடுத்த ஈத்துல பாப்பம்" என்று சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். வந்தால் வேறு பெயர் வையுங்கள். தட்டைக் கொடுக்கலாம், பெல்ட்டைக் கொடுக்காதீர்கள். இது என் தனிப்பட்ட கருத்து, அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பெல்ட்டு நல்லாத்தானே இருக்கு, ஏன் வீணாக்குற" என்று அவர் புதுக்குட்டிக்கு அதையே மாட்டிவிட்டார். இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.